ஏழாம் படிவமும் மேடமும்

நகராட்சியின் நாய் உரிமப் பிரிவில் இருபத்திரண்டு ஆண்டுகளாகக் குப்பை கொட்டும் அந்தக் குமாஸ்தாவுக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. ஊர் அதை மறந்து 'ஏழாம் நம்பர்' என்றே அழைத்தது. நாய்க்குக் கருத்தடை செய்தாயிற்று என்பதற்கான சான்றுதான் ஏழாம் படிவம். அது இல்லாமல் எந்த நாயும் காப்பகத்திலிருந்து வாலைக்கூட வெளியே நீட்ட முடியாது. வந்தவர் கும்பிட்டாலும் கொதித்தாலும் அவர் கேட்பது ஒன்றே: "ஏழாம் நம்பர் எங்க?"

ஒரு காலத்தில் அந்தப் படிவத்தில் 'அறுவையைத் தாங்காத நாய்களுக்கு விலக்கு' என்று ஒரு வரி இருந்தது. ஊரில் துள்ளித் திரிந்த நாய்களெல்லாம் அந்த வரிக்குள் வந்து நோயாளியாகப் படுத்துக்கொள்வதைக் கண்டு வெகுண்டு, பதினோரு பக்க அறிக்கை எழுதி, வரியை அடித்து நீக்கவைத்தவர் நம்மவர்தான். அதற்கான பாராட்டுக் கடிதம் கண்ணாடி போட்டு வீட்டில் தொங்குகிறது. பார்க்கத்தான் ஆளில்லை. மனைவி போய் ஒன்றரை வருடமாகிறது. கதவைத் திறந்ததும் "வந்துட்டேன்" என்று சொல்லும் பழக்கம் மட்டும் போகவில்லை. பதிலுக்கு ஃபிரிட்ஜ் உறுமும்.

செவ்வாய்தோறும் காப்பகத்துக்குப் போய் நாய்களின் கழுத்து வில்லைகளைச் சரிபார்ப்பார். பதினான்காம் கூண்டில் ஒரு கிழப் பெண்நாய். ஒரு காது மடிந்தது, பல் பாதி கொட்டியது. கூண்டைத் திறந்தால் மற்றவை பாயும். இது மெல்ல வந்து, அவருடைய இடது ஷூவின் மேல் தாடையை வைத்துக் கண்ணை மூடிக்கொள்ளும். பாலிஷ் மின்னும் ஷூவில் எச்சில் வழியும். அவர் காலை நகர்த்தியதில்லை. முன்பின் பழக்கமில்லாத பெண்ணாயிற்றே என்று 'மேடம்' என்று கூப்பிட்டார்.

மாதக் கடைசியில், யாரும் கேட்காத கிழ நாய்களை ஊருக்கு வெளியே உள்ள பட்டிக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே போனது எதுவும் திரும்பியதாகப் பதிவேட்டில் இல்லை. நம்மவர் தத்தெடுக்க விண்ணப்பம் எழுதினார்.

கூண்டு கழுவும் அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "சார், நீங்களே நாய் கேட்கறீங்களா? ஏழாம் நம்பர் எங்க?"

நாய் மருத்துவர் மேடத்தின் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "இதயம் ரொம்ப வீக். மயக்க மருந்து குடுத்தா எழுந்திருக்கறது சந்தேகம். பேசாம, பண்ணியாச்சுன்னு எழுதிக் குடுத்துடறேன், கூட்டிட்டுப் போங்க. இந்த வயசுல இவ குட்டி போட்டா பேப்பர்லதான் போடணும்."

"போன வருஷம் ஒரு பெரியவர் இதே மாதிரி ஒரு கிழ நாய்க்காகக் கெஞ்சினாரு டாக்டர். திருப்பி அனுப்பிச்சேன். இப்ப எனக்கு மட்டும் எப்படி?"

"அன்னைக்குத் தப்பு பண்ணீங்க. இன்னைக்கும் பண்ணணும்னு வேண்டுதலா?"

நம்மவர் அறுவைக்கான சம்மதத் தாளில் கையெழுத்துப் போட்டார். வழக்கம்போல் முத்துமுத்தாக இருந்தது.

அடுத்த செவ்வாய் காலை பதினொரு மணிக்கு ஏழாம் படிவம் அவர் மேசைக்கு வந்தது. அறுவை முடிந்தது என்று எழுதியிருந்தது. கட்டம் தவறாமல் நிரப்பியிருந்தார்கள். குறை சொல்ல ஒரு புள்ளி கிடையாது. உடனே உரிமம் எழுதினார். நாயின் பெயர்: மேடம். உரிமையாளர் என்ற இடத்தில் தன் முழுப் பெயரை எழுதினார். மனைவியின் காரியத்துக்குப் பிறகு முதல் முறையாக அரைநாள் விடுப்பு போட்டார். வில்லையும் புதுச் சங்கிலியும் ஒரு கிண்ணமுமாகக் காப்பகத்துக்குப் போனார்.

கூண்டு கழுவும் அம்மா வாசலிலேயே நின்றிருந்தாள். இன்று சிரிக்கவில்லை.

"கண்ணே முழிக்கல சார். இப்பதான் மூச்சு நின்னுச்சு."

மேடத்தைச் சாக்கின் மேல் கிடத்தியிருந்தார்கள். அவர் இடது காலைத் தாடைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தார். வெகுநேரம் அப்படியே நின்றார். யாரும் அவசரப்படுத்தவில்லை.

உரிமம் பெற்ற நாய் இறந்தால் உரிமையாளர் ஒன்பதாம் படிவம் தரவேண்டும். கவுண்டருக்கு வெளியே நின்றுதான் தரவேண்டும். மறுநாள் காலை நம்மவர் தன் நாற்காலியை விட்டு எழுந்து, சுற்றிக்கொண்டு வெளியே வந்து, நின்றபடி எழுதினார். 'இறப்புக்குக் காரணம்' என்ற கட்டத்தில் மட்டும் பேனா நின்றது. கடைசியில் எழுதினார்: 'என் கையெழுத்து.'

இப்படிக் கண்டதை எழுதிக்கொண்டு வருபவர்களை அவர் ஒருநாளும் விட்டதில்லை. படிவத்தை ஜன்னல் வழியே உள்ளே தள்ளினார். திரும்ப உள்ளே போய் உட்கார்ந்து, அதை இரண்டு முறை படித்தார். பிறகு முத்திரை குத்தினார்.