சகாயமேரி டீச்சர் எனக்குக் கொடுத்த பதினோரு அட்டைகள்

காலையில் கடை ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. மூன்று வருடமாகவே போன் அடித்தால் எனக்குப் பயம். யாரென்று பார்ப்பதற்குள் மகன் முகம்தான் முன்னால் வந்து நிற்கும். எடுத்தேன். எங்கள் பட்டிமன்றக் குழுவின் நடுவர் வேலுச்சாமி ஐயா பேசினார்.

"செல்வராசு, நம்ம சகாயமேரி போயிருச்சுப்பா. பள்ளிக்கூடத்துக்குக் கெளம்புறப்ப நெஞ்சு வலிக்குதுன்னு உக்காந்திருக்கு. ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும்கூடத் தாங்கல."

எனக்கு முதலில் வந்தது துக்கம் இல்லை. 'அப்பாடா, பையனைப் பற்றி இல்லை' என்ற நிம்மதி. எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது. அந்த நிம்மதியும் அரை நிமிடம்தான். டீச்சர் போய்விட்டார், இனி மகனின் அந்த விஷயம் இந்த ஊரில் என் வீட்டை விட்டால் யாருக்கும் தெரியாது என்று மனசு கணக்குப் போட்டது. போட்ட மனசைப் பார்த்து நானே பயந்துபோனேன். உர மூட்டைமேல் உட்கார்ந்து அப்புறம்தான் அழுதேன்.

டீச்சரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். லூர்து சகாயமேரி அவர்கள் திண்டுக்கல்லில் ஒரு பள்ளியில் வேதியியல் ஆசிரியை. பதினைந்து வருடத்துக்கு மேலாக எங்கள் குழுவில் பேசினார்கள். மாதா கோயில் திருவிழா, அம்மன் கோயில் திருவிழா, சங்க ஆண்டு விழா என்று எங்கே கூப்பிட்டாலும் ஒரே வேனில் போவோம். அவர்கள் ஒரு அணித் தலைவர், வடமதுரையில் உரக்கடை வைத்திருக்கும் நான் எதிரணித் தலைவர். யாருக்கு எந்தப் பக்கம் என்பதை ஒரு வாரத்துக்கு முன்னால் ஐயா சீட்டுக் குலுக்கிப் போட்டுச் சொல்லிவிடுவார். போன மாதம் மாமியாருக்காக வாதாடியவர் இந்த மாதம் மருமகளுக்காக வாதாடுவார். எங்களுக்கு அது பழகிப்போன வேலை. சனங்களுக்குத்தான் குழப்பம். கன்னிவாடியில் ஒரு அம்மா என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "அந்த டீச்சரம்மாவ இம்புட்டு வையாதீங்கய்யா, பாவம்" என்றார்கள். அந்த நேரம் டீச்சர் வேனில் உட்கார்ந்து என் பங்கு வடையையும் சேர்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

பழைய கல்யாணப் பத்திரிகைகளைச் சீட்டுக்கட்டு அளவுக்கு வெட்டி, எழுத்தில்லாத பக்கத்தில் நீல மையில் குறிப்பு எழுதிக்கொண்டு வருவார்கள். அவற்றை இடது கையில் வைத்துக்கொண்டுதான் பேசுவார்கள். முடிக்கும்போது என் மேசைப் பக்கம் திரும்பி, "அண்ணே, நான் பேசிட்டேன். இப்ப நீங்க பேசுங்க, பாப்போம்" என்பார்கள். அதற்கென்றே கைதட்டல் விழும்.

நான் பிறவியிலேயே பயந்தாங்கொள்ளி. முதல் தடவை ஒட்டன்சத்திரத்தில் காய்கறி மார்க்கெட் ஆட்கள் முன்னால் மைக்கைப் பிடித்தேன். ஒரு வார்த்தை வரவில்லை. கூட்டம் சிரிக்க ஆரம்பித்தது. எதிரணியில் இருந்த டீச்சர் சட்டென்று எழுந்து, "நடுவர் அவர்களே, இவர் யோசிக்கிறதப் பாத்தா எங்க அணிக்கே கை நடுங்குது. செத்த நேரம் குடுங்க, யோசிச்சே எங்களக் கொல்லட்டும்" என்றார்கள். கூட்டம் அவர்கள் பக்கம் திரும்பியது. எனக்கு மூச்சு வந்தது, பேச்சும் வந்தது. எதிரணியைக் காப்பாற்றிய எதிரணித் தலைவரை நான் அன்றுதான் பார்த்தேன்.

இனி அந்த விஷயத்துக்கு வருகிறேன். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு வியாபாரிகள் சங்கத்தின் ஆண்டு விழா. டிவியைத் திருப்பினால் அப்போது கஞ்சாவைப் பற்றிய விவாதம்தான். வெளிநாட்டில் அனுமதித்துவிட்டார்கள், இங்கே என்ன செய்யலாம் என்று ஆளாளுக்குக் கத்திக்கொண்டிருந்தார்கள். "நாமளும் பேசிருவோம்ப்பா" என்று ஐயா தலைப்பு வைத்தார்: கஞ்சாவுக்குச் சட்டம் அனுமதி கொடுக்கலாமா, கூடாதா? சீட்டில் எனக்கு 'கொடுக்கலாம்' விழுந்தது. டீச்சருக்குக் 'கூடாது'.

விழாவுக்கு மூன்று நாள் முன்னால், லீவுக்கு வந்திருந்த மகனின் பைக்குள் என் மனைவி துவைக்கிற துணி தேடியபோது ஒரு பொட்டலம் கிடைத்தது. காலேஜில் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தான். விவசாயிகளுக்கு எத்தனையோ தழை, விதை எடுத்துக் கொடுத்த கை என்னுடையது. அந்தப் பொட்டலத்தை மட்டும் தொட முடியவில்லை. மூன்று நாளும் வாசலில் வண்டி நிற்கும் சத்தம் கேட்டால் போலீஸ் என்று நினைத்தேன். அவனை அடிக்கவும் பயம், கேட்கவும் பயம், பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடுமோ என்று அழவும் பயம்.

விழா அன்று சாயங்காலம், மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் டீ குடிக்கும்போது டீச்சரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"என்னால 'கொடுக்கலாம்'னு பேச முடியாது டீச்சர். நாளைக்குப் பையன் விஷயம் வெளிய தெரிஞ்சா, அப்பனே மேடையேறிக் கேட்டவன்தானேம்பாங்க."

"அத விடுங்கண்ணே. தம்பிய டாக்டர்கிட்டக் காட்டுனீங்களா?"

"எப்படி டீச்சர் காட்டுறது? கேஸாயிருமே. பேரு கெட்டுப்போகும், படிப்பு போயிரும்."

டீச்சர் டீயைக் கீழே வைத்தார்கள். பிறகு கைப்பையைத் திறந்து அட்டைக் கட்டை எடுத்து என் கையில் வைத்தார்கள். "இந்தாங்க, பதினொண்ணு இருக்கு. இதப் பாத்து நீங்க 'கூடாது' பேசுங்க. நான் 'கொடுக்கலாம்' பேசுறேன்."

"உங்களுக்குக் குறிப்பு?"

"இப்ப நீங்க சொன்னீங்கள்ல, அது போதும்."

ஐயாவிடம் போய், "நாங்க பக்கம் மாத்திக்கிட்டோம்" என்று மட்டும் சொன்னார்கள். மைக்செட்காரரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்த ஐயா, "என்னமோ பண்ணுங்க" என்றார்.

அன்று டீச்சர் அட்டை இல்லாமல், இரண்டு கையையும் மேசையில் ஊன்றிக்கொண்டு பேசினார்கள். "அனுமதி குடுங்கன்னு கேக்குறேன். பெட்டிக்கடையில தொங்கவிடுறதுக்கு இல்ல. வலியில கெடக்குற நோயாளிக்கு டாக்டர் எழுதிக் குடுத்தா மருந்தா வாங்க அனுமதி குடுங்க. பழகித் தொலைச்ச பிள்ள, ஜெயிலுக்குப் பயப்படாம ஆஸ்பத்திரிக்குப் போக அனுமதி குடுங்க. எனக்கு ஒரு அப்பாவத் தெரியும். பிள்ள மேல உசிரையே வச்சிருக்காரு. பயத்துல அவரால ஆஸ்பத்திரி வாசப்படிய மிதிக்க முடியல. விக்கிறவனப் பிடிங்க. அந்த அப்பாவ ஏன் பயமுறுத்துறீங்க?" என் காது சுட்டது. வழக்கம்போல என் பக்கம் திரும்பி, "இப்ப நீங்க பேசுங்க, பாப்போம்" என்று முடித்தார்கள்.

நான் எழுந்தேன். டீச்சரின் அட்டைகளையே படித்தேன். அதில் ஒன்றில், பத்தாம் வகுப்பில் தனிமங்களின் பெயரை வரிசை மாறாமல் ஒப்பித்த ஒரு மாணவர், பன்னிரண்டாம் வகுப்பில் வருகைப் பதிவின்போது தன் பெயரைக் கூப்பிட்டதுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்ததை எழுதியிருந்தார்கள். அது டீச்சர் கண்ணால் பார்த்தது. கூட்டம் உச்சுக்கொட்டியது. அந்தச் சூட்டில், அட்டையில் இல்லாத ஒன்றை நானாகச் சேர்த்தேன். "எதிரணித் தலைவர் ஒரு அப்பாவைச் சொன்னார். பெற்ற பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகப் பயப்படுகிறவன் அப்பனே இல்லை!" என்றேன். பட்டாசு மாதிரி கைதட்டல். ஐயா என் பக்கம் தீர்ப்புச் சொன்னார். டீச்சர் தலையைக் குனிந்து மேசை விரிப்பை நீவிக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்த கையோடு டீச்சர் பஸ் பிடித்து வடமதுரைக்கு வந்துவிட்டார்கள். என்னிடம் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. மகன் அறைக்குள் போய், "தம்பி, நான் வேதியியல் டீச்சர். அது உடம்புக்குள்ள போயி என்ன செய்யும்னு எனக்குத் தெரியும். அதனால எங்கிட்டப் பொய் சொல்ல வேணாம். கெளம்புய்யா, மதுரைக்குப் போயிட்டு வருவோம்" என்றார்கள். அவர்களுக்குத் தெரிந்த ஒரு மனநல மருத்துவரிடம் மூவரும் போனோம். அவர் போலீஸுக்குப் போன் போடவில்லை. எத்தனை நாளாக, தூக்கம் வருகிறதா, சாப்பிடுகிறாயா என்றுதான் கேட்டார். திரும்பும் வழியில் நான் டீச்சரிடம், நேற்றுப் பேசியதை நிஜமாகவே நம்புகிறீர்களா என்று கேட்டேன்.

"பாதி நம்புறேன்ணே, பாதி பயமா இருக்கு. லேசாக் கெடச்சா எங்க பிள்ளைக என்னாகும்னு பயம். ஆனா உங்கள நேத்து டீக் கிளாசோட பாத்தேன்ல, அந்தப் பயம் எந்தப் பிள்ளையவும் காப்பாத்தாது" என்றார்கள்.

திங்கட்கிழமை அந்த வீடியோ வந்தது. யாரோ வெட்டியிருந்தார்கள். "அனுமதி குடுங்கன்னு கேக்குறேன்" மட்டும் இருந்தது. பெட்டிக்கடையும் இல்லை, நோயாளியும் இல்லை, அப்பாவும் இல்லை. பட்டிமன்றம் என்பதற்கே அடையாளம் இல்லை. 'கஞ்சாவுக்கு வக்காலத்து வாங்கும் டீச்சர்' என்று மேலே எழுதி, போனுக்குப் போன் பறந்தது. பெற்றோர்கள் பள்ளிக்கு முன் கூடினார்கள். சாதா உடுப்பில் ஒரு போலீஸ்காரர் டீச்சர் வீட்டுக்கு வந்து, யார் சொல்லிப் பேசினீர்கள் என்றெல்லாம் விசாரித்துவிட்டுப் போனார். ஒரு நாள் பள்ளி விட்டு வெளியே வந்தால், அவர்கள் ஸ்கூட்டர் கூடையில் காகிதப் பொட்டலம். உள்ளே வெறும் காய்ந்த புல். எவனோ விளையாடியிருக்கிறான். டீச்சர் அங்கிருந்தே எனக்குப் போன் செய்தார்கள்.

"அண்ணே, பயமா இருக்கு. வண்டியத் தொடவே கை வர மாட்டேங்குது. செத்த வாரீங்களா?"

கடையில் ஆள் நிற்கிறது என்று சொன்னேன். கடையில் ஒரு ஈ காக்கை இல்லை. டீச்சர் வண்டியை அங்கேயே விட்டுவிட்டு நடந்தே வீட்டுக்குப் போனார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

பள்ளி நிர்வாகம் விளக்கம் கேட்டது. நடுவர் ஐயா துணைக்குப் போனார். "பக்கம் ஒதுக்குறது நான்தாங்க, அவங்க சொந்தக் கருத்து இல்ல" என்றார். "அப்படியா? நீங்கள் எந்தப் பக்கத்தை ஒதுக்கினீர்கள்?" என்று கேட்டார்கள். ஐயாவுக்குப் பொய் வராது. "கூடாதுங்கிற பக்கம்" என்று சொல்லிவிட்டார். காப்பாற்றப் போன வார்த்தையே காலை வாரிவிட்டது. அப்படியென்றால் நீங்களே கேட்டு வாங்கிப் பேசினீர்களா என்றார்கள். டீச்சர், "ஆமாங்க, விருப்பப்பட்டுத்தான் மாத்திக்கிட்டேன்" என்று சொல்லி நிறுத்திக்கொண்டார்கள். யாருக்காக என்று சொல்லவில்லை. இனி எந்த மேடையிலும் ஏறமாட்டேன் என்று எழுதி வாங்கிக்கொண்டுதான் வேலையில் தொடர விட்டார்கள்.

அவர்கள் கையெழுத்தில் 'கூடாது' என்று பதினோரு அட்டை என் கடை மேசை டிராயரில் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு போய், நான்தான் கெஞ்சி மாற்றினேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஏன் கெஞ்சினாய் என்று கேட்பார்களே என்றுதான் போகவில்லை. ஒரே ஒரு தடவை போனில் இழுத்து இழுத்துக் கேட்டேன். "நான் வேணும்னா வந்து சொல்லவா டீச்சர்?"

"இப்ப வேணாம்ணே. தம்பி பரீட்சை முடியட்டும்."

பரீட்சை முடிந்தது. அடுத்த வருடப் பரீட்சையும் முடிந்தது. அவன் வேலைக்கும் போய்விட்டான். டீச்சர் மறுபடி கேட்கவே இல்லை, நானும் வாயைத் திறக்கவில்லை. கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்குக் கேக் வரும். "தம்பி தூங்குறாப்லயா, சாப்புடுறாப்லயா?" என்று அந்த டாக்டர் கேட்ட அதே இரண்டு கேள்வியைக் கேட்பார்கள். மேடையைப் பற்றி ஒரு பேச்சும் வராது.

அடக்கத்தன்று பதினோரு அட்டைகளையும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனேன். பெட்டியை மூடுவதற்கு முன் அவர்கள் கைப்பக்கத்தில் வைத்துவிடலாம் என்று எண்ணம். டீச்சரின் இடது கைக்குள் செபமாலை இருந்தது. அதன் பக்கத்தில் கொண்டுபோன பிறகுதான், இதையும் புதைக்கத்தான் வந்திருக்கிறேன் என்று உறைத்தது. கையை இழுத்துக்கொண்டேன். எல்லாம் முடிந்து ஆட்கள் கலைந்ததும் அவர்கள் மகளிடம் கொடுத்து நடந்ததைச் சொன்னேன். அந்தப் பெண் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள். "அம்மா ஒரு நாளும் சொல்லலையே அங்கிள்" என்று மட்டும் சொன்னாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

முப்பதாம் நாள் பூசைக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கும் நினைவு மலரில் இதை எழுதப்போகிறேன் என்று மகனிடம் சொன்னேன். சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"என் பேரு போடாட்டியும் எல்லாருக்கும் தெரிஞ்சிரும்ல?"

"தெரிஞ்சிரும்ப்பா."

"வேல போயிருமோன்னு பயமா இருக்கு." கொஞ்சம் கழித்து, "அன்னைக்கு மதுரைக்குப் போறப்ப பஸ்ல என் கையப் புடிச்சுக்கிட்டே வந்தாங்கப்பா. அவங்க கையும் நடுங்குச்சு. எழுதுங்க" என்றான்.

ஆகவே எழுதிவிட்டேன். டீச்சர் சொன்ன அந்த அப்பா நான்தான். அப்படிப்பட்டவன் அப்பனே இல்லை என்று சொல்லிக் கைதட்டு வாங்கியவனும் நான்தான். பள்ளியில் டீச்சரை உட்கார வைத்து விசாரித்தவர்கள், அந்த வீடியோவை அனுப்பியவர்கள், அவர்களுடைய மாணவர்கள் எல்லோரும் இதைப் படிக்க வேண்டும். அனுமதி வேண்டுமா கூடாதா என்று எனக்கு இன்றும் தெரியாது. இதைப் படித்துவிட்டு நாளைக்கு என் கடை வாசலில் யார் வந்து நிற்பார்கள் என்று எண்ணினால் உள்ளங்கை வியர்க்கிறது.

டீச்சர், போய் வாருங்கள். பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் நான் பேசிவிட்டேன்.