சரிவில் நின்ற நோன்புக் கஞ்சி

அமெரிக்காவின் பிளெய்ன்ஸ்பரோவில் நோன்பு மாதம் வந்தால் கஞ்சி அன்வர் பாட்சாவின் பொறுப்பு. காலையில் இந்திய மளிகைக் கடையில் வேலை. மதியம் வீட்டுக்கு வந்து, மனைவி சாலிஹாவோடு அரிசியும் பாசிப்பருப்பும் கறியும் போட்டுக் காய்ச்சி, வாடகை ஹாலில் தொழ வருகிற தமிழ் ஜமாஅத்துக்கு மஃரிப் தொழுகைக்கு முன்னால் கொண்டுபோய் இறக்கிவிடுவார். ஒருநாள்கூடத் தவறவிட்டதில்லை.

2002 டிசம்பரில், நோன்பு முடிகிற சமயம், பனி கொட்டி அதன்மேல் மழையும் தூறி, ரோடு கண்ணாடி மாதிரி உறைந்து கிடந்தது. ஹாலிலிருந்து ஜமாஅத் இளைஞன் ஷாஹுல் போன் பண்ணினான்.

"பாய், இன்னைக்கு டிரைவ் பண்ணாதீங்க. பேரீச்சம்பழத்துல நோன்பு திறந்துக்கறோம்."

"பசியோட உட்கார்ந்திருப்பீங்க தம்பி. நம்ம வண்டி நாலு சக்கரமும் இழுக்குற வண்டி. பிஸ்மி சொல்லி ஏறினா வந்துடும்."

கஞ்சித் தேக்சாவைப் பின்சீட்டில் வைத்து, சாலிஹா அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். மேட்டில் சின்னக் கார்கள் சக்கரம் சுழன்று தவித்தன. இவர் வண்டி எறும்பு ஊர்கிற மாதிரி ஏறிவிட்டது. "அல்ஹம்துலில்லாஹ், பார்த்தியா!" என்று பூரித்துப்போனார்.

"முன்னால பாருங்க, அது போதும்."

இறக்கத்தின் அடியில் சிவப்பு விளக்கு. பிரேக்கை மிதித்தார். மிதி கடகடவென்று காலை உதைத்தது. வண்டி நிற்கவில்லை. ஸ்டியரிங்கைத் திருப்பினார். அது எங்கோ திரும்பியது, வண்டி நேராகவே வழுக்கிக்கொண்டு போய், பாதிச் சரிவிலேயே ஓரத்துப் பனிக்குவியலில் ஏறி உட்கார்ந்தது.

"யா அல்லாஹ்! கஞ்சி?"

"ஒரு கரண்டி என் மேல. மிச்சம் தேக்சாவுல."

ஆக்சிலரேட்டரை அழுத்திவிட்டு ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். அந்தரத்தில் தூக்கி நின்ற சக்கரங்கள் மட்டும் பைத்தியம் பிடித்த மாதிரி சுற்றின. தரையைத் தொட்டுக்கொண்டிருந்தவை அசையவே இல்லை.

சரிவின் அடியில் எதிர்ப்பக்கம் இருந்த ஹாலிலிருந்து ஷாஹுல் வழுக்கி வழுக்கி வந்தான்.

"வண்டி வித்தவங்க நாலு சக்கரமும் இழுக்கும்னாங்களே தம்பி?"

"கிளம்புறதுக்கும் ஏறுறதுக்கும்தான் பாய் அது. நிக்கணும்னா எல்லா வண்டியும் ஒண்ணுதான். ஐஸ்ல டயருக்குப் பிடி இருந்தாத்தானே?"

"ஏறும்போது இருந்த பிடி இறங்கும்போது எங்க போச்சு?"

"ஏறும்போது மெதுவா வந்திருப்பீங்க."

"இப்பவும் மெதுவாத்தானே வந்தேன்."

"மெதுவாவா? மேட்டுலேர்ந்து பறந்தீங்க," என்றாள் சாலிஹா.

அவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. மஃரிப் நெருங்கிவிட்டது. அந்த ஐஸில் தேக்சாவைத் தூக்கிக்கொண்டு இறங்கினால் கஞ்சி ரோட்டில்தான். ஷாஹுல் ஹாலைப் பார்த்து இரண்டு கையையும் வீசிக் கூப்பிட்டான். காகிதக் கோப்பைகளோடு ஜமாஅத் ஒருவர் தோளை ஒருவர் பிடித்தபடி மேலே ஏறி வந்தது. பாங்கு நேரத்தில் வண்டியின் பின்கதவருகே சாலிஹா கஞ்சி ஊற்றினாள். ஆவி பறந்தது.

அன்வர் பாட்சா கோப்பையோடு குனிந்து சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன் தம்பி, தரையில இருக்குற சக்கரம் சும்மா இருக்கு. எதையும் தொடாத சக்கரம் ஏன் சுத்துது?"

"அப்புறம் கேளுங்க," என்றாள் சாலிஹா. "முதல்ல நோன்பைத் திறங்க."