எள்ளுப் பிரட்டிய சோற்றுருண்டை

யப்பானுக்குப் போய் அந்த அதிவேக ரயிலில் ஒருமுறை ஏறவேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. நான் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சில விநாடி பிந்தினாலே மன்னிப்புக் கேட்கிற ரயிலைப் பார்க்காமல் கண்ணை மூடுவது அநியாயம் என்று நினைத்தேன். என் மனைவி ஒரே கேள்வியில் அந்த ஆசையை ஐந்து வருடம் நிறுத்தி வைத்திருந்தாள்.

"இஞ்சேருங்கோ, அங்கை நான் என்னத்தைச் சாப்பிடுறது?"

நான் மீன் சாப்பிடுவேன். அவள் சுத்த சைவம்.

தொண்ணூறுகளின் கடைசியில், மெல்பேர்னில், கிளேட்டனுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு சமூக மண்டபத்தில், யப்பானியப் பெண்மணி ஒருவர் வீட்டுச் சமையல் சொல்லிக்கொடுப்பதாக அறிவித்தல் கண்டேன். ஒரு சனிக்கிழமைக் காலை, ஐந்து பண்டங்கள். நாங்கள் ஒப்பந்தம் போட்டோம். ஐந்தில் ஒன்றையாவது அவள் மனமொப்பிச் சாப்பிட்டால் யப்பான். இல்லையென்றால் அந்தப் பேச்சையே நான் இனி எடுக்கக்கூடாது.

மண்டபத்துக் குசினியில் ஆறு மேசைகள், பதினோரு பேர். பன்னிரண்டாவது ஆள் வரவில்லை. வழியில் ஏதும் நடந்துவிட்டதோ என்று வெகுநேரம் கவலைப்பட்டேன். ஆசிரியைக்கு ஐம்பது வயதிருக்கும். மெதுவாகப் பேசினார், கைகள் மட்டும் மின்னல்.

முதலில் சூப்புக்குச் சாறு. கடற்பாசியை வெந்நீரில் ஊறவைத்து, மரச்சீவல் போன்ற எதையோ ஒரு கைப்பிடி அள்ளிப் போட்டார். எங்கள் மூக்குக்கு உடனே தெரிந்துவிட்டது.

"மாசிக் கருவாடு," என்றாள் மனைவி என் காதருகே. "ஒண்டு போச்சு."

அதே சாறு கீரையிலும் விழுந்தது. "ரெண்டு." பூசணிக்காய் அதிலேயே அவிந்தது. "மூண்டு." நான்காவது முட்டை. அவள் விரலை மட்டும் மடக்கினாள். எங்கள் வீட்டில் எண்ணுவது என் வேலை. அன்று அதை அவள் எடுத்துக்கொண்டாள், அதுவும் எவ்வளவு சந்தோஷமாக!

மிஞ்சியது சோற்றுருண்டை. கையை நனைத்து, உப்புத் தடவி, சுடுசோற்றை அள்ளி, நடுவில் உப்பில் ஊறிய புளிப்புப் பழம் ஒன்றைப் புதைத்து, முக்கோணமாகப் பிடிக்கவேண்டும். மீன் இல்லை, முட்டை இல்லை. கை கழுவ ஓடிய அவசரத்தில், கையிலிருந்த சாப்பாட்டுக் குச்சிகளைக் கிண்ணத்துச் சோற்றில் குத்தி நிறுத்திவிட்டுப் போனேன்.

முக்கோணம் எனக்கு வரவில்லை. மூன்று பக்கமும் மூன்று அளவு. கடைசியில் உருண்டையாகவே பிடித்து, ஆசிரியை சொன்னபடி வறுத்த கறுப்பு எள்ளில் பிரட்டி, தட்டில் வரிசையாக மூன்று வைத்தேன்.

மனைவி தட்டைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"இதென்ன, ஆருக்குப் பிண்டம் வைக்கிறியள்?"

அப்போதுதான் எனக்கே தெரிந்தது. சோற்றுருண்டை மூன்று, எள்ளு, பக்கத்தில் கிண்ணத்தில் தண்ணீர். அப்பாவின் திவசத்துக்கு நான் பிடித்துவைத்தது இப்படித்தான்.

"தர்ப்பைதான் குறை," என்றேன்.

"உயிரோட இருக்கேக்கை நான் இதைத் தின்னமாட்டன். அஞ்சும் போச்சு!"

என் யப்பான் போயிற்று. அழவேண்டிய இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்க அடக்கக் கூடியது. ஆசிரியை பதறி ஓடிவந்தார். எங்கள் ஊரில் செத்தவர்களுக்குத்தான் இப்படி எள்ளோடு சோற்றை உருட்டி வைப்போம் என்று ஆங்கிலத்தில் ஒருவாறு சொல்லி முடித்தேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டார். மனம் நொந்துவிட்டார் என்று பயந்தேன். அவரோ மற்றக் கையால், சோற்றில் நட்டபடி நின்ற என் குச்சிகளைக் காட்டினார்.

"நானும் எப்படிச் சொல்வதென்று தெரியாமல் நின்றேன். செத்தவருக்கு வைக்கிற சோற்றில்தான் நாங்கள் குச்சியை இப்படி நிறுத்துவோம்."

ஆக, இரண்டு நாட்டு முறைப்படியும் ஒரே மேசையில் காரியத்தை முடித்திருந்தேன்.

மனைவி கதிரையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ஐயோ, இந்த மனிசன்! ஒருத்தரும் சாகாமலே ரெண்டு செத்தவீடு நடத்திப்போட்டுது!" ஆசிரியைக்குக் கண்ணீர் வழிந்தது. பக்கத்து மேசைக்காரர்கள் விஷயத்தைக் கேட்டுவிட்டு அவர்களும் தொடங்கினார்கள்.

சிரித்த சிரிப்பில் மனைவிக்குப் பசி வந்துவிட்டது. ஆசிரியை எள்ளில்லாமல் ஒன்றை முக்கோணமாகப் பிடித்து நீட்டினார். அவள் ஓரத்தைக் கடித்தாள். நடுவிலிருந்த பழம் பல்லில் பட்டதும் ஒரு கண் தானாக மூடிக்கொண்டது.

"எங்கடை தேசிக்காய் ஊறுகாய் மாதிரிக் கிடக்கு," என்றாள். இன்னொரு கடி. "அதைவிடத் திறம்."

கடைசிப் பருக்கைவரை தின்றுவிட்டு, தானே கையை நனைத்து அடுத்ததைப் பிடித்தாள். அவளுக்கு முக்கோணம் முதல் தரமே வந்தது.

காரில் திரும்பி வரும்போது சிவப்பு விளக்கில் நின்றோம். "சரி, போவம்," என்றாள்.

"பச்சை விழட்டும்."

"யப்பானுக்குச் சொல்லுறன்."

காருக்குள் எழுந்து நிற்க முடிந்திருந்தால் நின்றிருப்பேன். அடுத்த கணமே வேறு யோசனை வந்துவிட்டது.

"அங்கை அடிக்கடி நிலம் நடுங்குமாம். ஹோட்டல்ல எத்தினையாம் மாடியிலை அறை தருவாங்களோ தெரியாது."

"நடுங்கினா என்ரை கையைப் பிடியுங்கோ. இப்ப காரை எடுங்கோ."

பச்சை விழுந்து எவ்வளவு நேரமோ, பின்னால் நின்ற மூன்று கார்களும் ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தன.