எட்டாவது அணிக்காகக் கத்திய நாள்

சிட்னியில், பென்டில் ஹில் தமிழ்க் கடையில் மீன் எடுக்கக் குனிந்திருந்தேன். ஆழமான ஃபிரீசர் அது. என்னைப் போன்ற கட்டையர்கள் பாதி உடம்பை உள்ளே விட்டால்தான் அடியில் கிடக்கும் அறக்குளா கைக்கு எட்டும். அந்த நேரம் பார்த்துச் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. குனிந்தபடியே எடுத்துப் பார்த்தேன். வட அமெரிக்க ஐஸ் ஹொக்கிச் செய்தி. பருவம் முழுக்க முதலிடத்தில் இருந்த அணி, பிளேஓஃப் என்கிற கடைசிக்கட்டப் போட்டியின் முதல் சுற்றிலேயே வெளியே! "ஐயோ!" என்று கத்திவிட்டேன், தலை இன்னும் ஃபிரீசருக்குள் இருக்கும்போதே. கடைக்கார அன்ரி ஓடி வந்தார்.

"என்ன தம்பி, கையை வெட்டிப் போட்டுதோ?"

"இல்லை அன்ரி, ஹொக்கி."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். வீட்டில் போய்ச் சொல்லிச் சிரித்திருப்பார்.

குளிருக்கு ஒரு மணம் உண்டு, கவனித்திருக்கிறீர்களா? ஈர அட்டைப்பெட்டி, பிளாஸ்டிக் உறை, கொஞ்சம் இரும்பு. மூக்குக்குள் அது ஏறினால் எனக்கு மீன் ஞாபகம் வருவதில்லை. மெல்பேர்னில் ட்ருகனினா ஞாபகம்தான் வரும். படகில் வந்து, தற்காலிக விசாவோடு அலைந்த காலத்தில் எனக்குக் கிடைத்த முதல் ஒழுங்கான வேலை அங்கே ஒரு குளிர்களஞ்சியத்தில். மைனஸ் இருபது. பட்டாணியும் உருளைக்கிழங்குச் சிப்ஸும் பெட்டி பெட்டியாக அடுக்க வேண்டும். மன்னார் வெயிலில் வளர்ந்தவன் நான். முதல் நாள் மூக்குமயிர் உறைந்தபோது, ஏதோ நோய் வந்துவிட்டது என்று நினைத்து மருந்துப்பெட்டி எங்கே என்று கேட்டேன். எங்கள் பத்துப் பேர் குழுவே சிரித்தது.

எங்கள் குழுத் தலைவி விஜி அக்கா. ஒன்பது வயதில் கனடா போய், அங்கேயே வளர்ந்து, கல்யாணம் முடித்து மெல்பேர்னுக்கு வந்தவர். தமிழை யாழ்ப்பாணத்து மாமி போலப் பேசுவார், ஆங்கிலத்தில் வேறு ஆளாகிவிடுவார். ஐஸ் ஹொக்கி என்றால் அவருக்குச் சாப்பாடு தேவையில்லை. எங்கள் பள்ளியில் பெண்பிள்ளைகள் புல்லில் விளையாடியதுதான் எனக்குத் தெரிந்த ஹொக்கி. இடைவேளை அறைத் தொலைக்காட்சியில் முதல்முறை பார்த்தபோது, இவ்வளவு வேகமாக எதைத் துரத்துகிறார்கள் என்றே தெரியவில்லை. 'பக்' என்ற அந்தக் கறுப்பு வட்டு என் கண்ணில் படவே இரண்டு கிழமை எடுத்தது. அதுவரை மற்றவர்கள் கத்தும்போது நானும் கத்தினேன்.

கனடாவில் இரவு ஏழு மணி என்றால் மெல்பேர்னில் அடுத்த நாள் காலை ஒன்பது. ஆட்டம் நடக்கும்போது நாங்கள் பெட்டி அடுக்கிக்கொண்டிருப்போம். பத்து மணி இடைவேளையில் கொஞ்சம், மதியச் சாப்பாட்டில் கொஞ்சம், அவ்வளவுதான் பார்க்கக் கிடைக்கும். ஆனால் கோல் விழுந்தால் குளிர் அறைக்குள்ளேயே எங்களுக்குத் தெரிந்துவிடும். விஜி அக்காவின் போன் ஒருமுறை அடித்து நின்றுவிடும். குளிரில் பற்றரி செத்துப்போகும் என்று அதை உள்சட்டைக்குள் வைத்திருப்பார். அடிக்கிற சத்தம் அவருடைய நெஞ்சுக்குள் இருந்து வருவது போல இருக்கும். உடனே ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் டெரி ஹோர்னை அமத்துவான். மற்றவர்கள் தடித்த கையுறையோடு கை தட்டுவோம்.

"ஆர் அக்கா அது, ஒவ்வொரு கோலுக்கும் அடிக்கிறது?"

"அப்பா."

"எடுத்துக் கதைக்கலாமே?"

அவர் பெட்டி ஒன்றைத் தூக்கி வைத்துவிட்டுத்தான் பதில் சொன்னார். "ஆறு வருசமாக் கதைக்கிறேல்லையடா. என்ர மனிசன் எங்கட ஆக்கள் இல்லை எண்டு அப்பாவுக்குக் கோவம். கலியாணத்துக்கும் வரேல்லை, என்ர மகனையும் பாக்கேல்லை. ஆனா எங்கட டீம் கோல் போட்டா ஒரு மிஸ்ட் கால். நான் எடுக்கிறேல்லை. எடுக்கச் சொல்லி அவர் அடிக்கிறதும் இல்லை."

கனடாவுக்குப் போன முதல் பனிக்காலத்தில் யாரோ தெருவில் எறிந்த தொலைக்காட்சி ஒன்றைத் தகப்பனும் மகளும் தூக்கி வந்தார்களாம். அதில் ஒரு சானல்தான் தெளிவாகத் தெரிந்தது. அதில் ஹொக்கி. இருவரும் ஆங்கிலம் படித்ததே அந்த வர்ணனையாளர்களிடம்தான். அப்படிப்பட்ட இரண்டு பேர் சாதியை நடுவில் வைத்துக்கொண்டு ஆறு வருடம் பேசாமல் இருந்தார்கள் என்பது எனக்குப் பெரிய அதிர்ச்சி. அதிர்ச்சியாவதற்கு நான் யார் என்பது வேறு விஷயம். என் ஊரிலும் அதே கதைதான்.

அந்த வருடம் விஜி அக்காவின் அணி முதலிடம். முதல் சுற்றில் அவர்களுக்கு எதிராகக் கடைசி இடத்தில் தட்டுத்தடுமாறி உள்ளே வந்த எட்டாவது அணி. ஏழு ஆட்டத்தில் நான்கு வென்றால் அடுத்த சுற்று.

"முதலாவதா வந்தவைதானே அக்கா வெல்லுவினம்? பிறகென்ன பயம்?" என்றேன்.

"இதில அப்பிடி இல்லையடா. காசுக்கார டீம் நல்ல பிளேயர் எல்லாரையும் வாங்கிக் குவிக்க ஏலாது. சம்பளத்துக்கு எல்லாருக்கும் ஒரே லிமிற். அதோட, கடைசியில வாறவைக்குத்தான் அடுத்த வருசம் புதுப் பெடியளை எடுக்கிறதில முன்னுரிமை. ஆரும் ஆரையும் விழுத்தலாம்."

பிளேன்ரீயைக் குடிக்காமல் வைத்துவிட்டேன். கடைசியில் வருபவனுக்கு முன்னுரிமையா? நான் அறிந்த உலகத்தில் கடைசியில் வருபவனுக்குக் கடைசிக் கதிரைதான், அதுவும் மிஞ்சினால். என்னுடைய விசா மனுவும் அப்போது ஏதோ ஒரு கட்டின் அடியில் கிடந்தது. ஒரு விளையாட்டில் இப்படி ஒரு சட்டம் எழுதி, அதைப் பெரிய மனிதர்களும் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதை என்னால் நம்பவே முடியவில்லை. அன்றிலிருந்து எனக்குள் ஒரு கள்ளம் புகுந்தது. வெளியே விஜி அக்காவின் அணிக்குக் கை தட்டினேன். உள்ளே எட்டாவது அணி வெல்ல வேண்டும் என்று நேர்ந்துகொண்டேன்.

நான்கு ஆட்டத்தில் மூன்றை முதலாவது அணி வென்றது. இன்னும் ஒன்றுதான் தேவை. டெரி விஜி அக்காவுக்குக் கேக் வாங்கி வந்துவிட்டான். ஐந்தாவதில் தோல்வி. ஆறாவதிலும் தோல்வி. கேக்கை ஒருவரும் தொடவில்லை.

ஏழாவது ஆட்டத்தன்று காலையில் மூன்று முறை போன் அடித்தது. மூன்று கோல். மதியம் இடைவேளை அறைக்கு ஓடிப் போனால், தொலைக்காட்சியில் மூன்றுக்கு மூன்று. முடிய அரை நிமிடம் இருக்கும்போது எட்டாவது அணி தன் கோல்காப்பாளரையே வெளியே எடுத்துவிட்டு, அந்த இடத்துக்கு இன்னொரு ஆளை இறக்கிச் சமப்படுத்தியிருந்தது. வீட்டுக் கதவைத் திறந்து போட்டுவிட்டுக் கள்ளனைப் பிடிக்க ஓடுவது போன்ற வேலை. இனி மேலதிக நேரம். யார் முதலில் கோல் போட்டாலும் அந்த இடத்திலேயே ஆட்டம் முடிந்துவிடும்.

பத்துப் பேரும் குளிர்ச்சட்டையைக் கழற்றாமல் நின்றோம். நுண்ணலை அடுப்புக்குள் யாருடையதோ சோறு சூடாகி ஆறியது. மேலதிக நேரம் தொடங்கி ஐந்து நிமிடம் இருக்கும். எட்டாவது அணிக்காரன் ஒருவன் மூலையில் இருந்து சும்மா அடித்தான். உண்மையில் சும்மாதான். அந்த வட்டு விஜி அக்காவின் அணி வீரன் ஒருவனின் சப்பாத்தில் பட்டுத் திரும்பி, அவர்களுடைய வலைக்குள்ளேயே போய் விழுந்தது.

"யெஸ்!" என்று ஒருவன் கத்தினான்.

அது நான். கதிரையில் ஏறி நிற்கிறேன், இரண்டு கையும் மேலே. அறையில் வேறு சத்தமே இல்லை. விஜி அக்கா மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். அந்த முகத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். கோபம்கூட இல்லை. திகைப்பு மட்டும்.

அப்போது போன் அடித்தது.

எல்லோரும் திடுக்கிட்டோம். அவருடைய அணி கோல் போடவில்லையே. முதல் மணி நின்றது. இரண்டாவது மணி அடித்தது. நாங்கள் ஒருவரும் அந்தப் போனின் இரண்டாவது மணியைக் கேட்டதே இல்லை. மூன்று. நான்கு. விஜி அக்கா குளிர்ச்சட்டையை இழுத்துத் திறந்து போனை வெளியே எடுத்தார்.

"அப்பாவுக்கு ஏதோ நடந்திட்டுது," என்றார். விறைத்த விரலால் தடவியதில் ஸ்பீக்கர் திறந்துகொண்டது.

"ஹலோ? ஹலோ, ஆர் கதைக்கிறது?"

மறுபக்கம் மூச்சுச் சத்தம். பிறகு ஒரு வயதான குரல்.

"பாத்தனியோ பிள்ளை?"

அக்கா மேசையைப் பிடித்துக்கொண்டார். "ஓம் அப்பா. பாத்தனான்."

"எங்கட பெடியன்ர கால்ல பட்டெல்லோ போனது."

"ஓம் அப்பா."

"என்னால தாங்கேலாமக் கிடக்கு பிள்ளை. இஞ்ச சொல்லி அழ ஒருத்தருமில்லை. கொம்மாவுக்கு இது விளங்காது."

அக்கா ஸ்பீக்கரை நிறுத்திவிட்டு, கார் நிற்கும் பக்கம் ஓடினார். கண்ணாடி வழியாகப் பார்த்தோம். ஒரு கையால் காற்றில் அந்தக் கோல் எப்படி விழுந்தது என்று வரைந்து காட்டிக்கொண்டிருந்தார், தகப்பனுக்குத் தெரியாதது போல. இடையில் குந்திவிட்டார். பிறகு எழும்பினார். அரை மணிச் சாப்பாட்டு நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் பேசினார். மேலிடத்துக்குத் தெரியாமல் டெரி வேலையைப் பார்த்துக்கொண்டான்.

அவர் உள்ளே வந்ததும் மன்னிப்புக் கேட்கப் போனேன். அவரே முந்திக்கொண்டார்.

"நீ மற்றப் பக்கமோடா?"

"எட்டாவதா வந்தவையள் அக்கா... பாவமாக் கிடந்தது."

"உனக்கு ஒண்டு போடத்தான் கை வந்தது. போன் வந்திட்டுது, தப்பினாய்," என்றார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மகனுக்கு என்ன பேர் எண்டு அப்பா கேட்டவர்," என்றார்.

அந்த ஆவணியில் மகனைக் கூட்டிக்கொண்டு கனடா போய் வந்தார். இரண்டு வருடம் கழித்து, தகப்பன் படுக்கையில் விழ, குடும்பத்தோடு அங்கேயே குடிபோய்விட்டார். அந்தத் தகப்பனை நான் கண்டதில்லை. அவர் இறந்த செய்தி கேட்டபோது ஏனோ என் சொந்த மாமா இறந்தது போல இருந்தது. பிறகு எனக்கு விசா சரிவந்தது, சிட்னிக்கு மாறினேன். இப்போது பரமட்டா ரயிலில் தனியே, காதுக்குள் இயர்போனைச் செருகிக்கொண்டு பிளேஓஃப் பார்க்கிறேன். கோல் விழுந்தால் பக்கத்து இருக்கைக்காரர் தோளில் தட்ட முடியாது.

போன வருடம் மெல்பேர்ன் போனபோது ட்ருகனினாவுக்கும் ஒரு நடை காரை விட்டேன். டெரி இருந்தால் ஒரு கோப்பி குடிக்கலாம் என்று நினைப்பு. கட்டடம் முன்னையதைவிட மூன்று மடங்கு உயர்ந்திருந்தது. கார் நிறுத்துமிடத்தில் கார் இல்லை. வாசலில் ஒரு பஞ்சாபிக் காவலாளி மட்டும். குளிர் அறைக்குள் இப்போது எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று கேட்டேன்.

"ஒருத்தரும் இல்லை. எல்லாம் மெஷின்தான்," என்றான்.

எட்டிப் பார்க்க ஏதும் ஜன்னல் உண்டா என்று கேட்டேன். அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"பார்த்தாலும் தெரியாது பிரதர். உள்ளே லைட்டே போடுறதில்லை. மெஷினுக்கு எதுக்கு லைட்?"