விலக்கில் வேனை நிறுத்திய கருப்பசாமி அண்ணன்

வேன் டிரைவர் கருப்பசாமி அண்ணன் இறந்துவிட்டார்.

காலையில், அந்த வேனில் என்னோடு வந்த மாரியக்கா போன். "ஏத்தா, நம்ம டிரைவர் அண்ணன் போயிட்டாக... நேத்து நெஞ்சு வலின்னு கொண்டு போனாகளாம். பதினோரு மணிக்கு எடுக்காக. வெரசா வா."

விருதுநகர் ஜவுளிக்கடையில் பில் போடுகிறவளாகத்தான் இதைப் படிக்கிற பலருக்கு என்னைத் தெரியும். அதற்கு முன் ஆறு வருஷம் சாத்தூர் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனியில் வேலை. எங்கள் ஊரிலிருந்து இருபத்திரண்டு பெண்களையும் ஏற்றிப்போனது அண்ணன் ஓட்டின கம்பெனி வேன்.

நாலு மணிக்கு எழுந்து, தண்ணீர் பிடித்து, சோறு பொங்கி, பிள்ளைகளைக் கிளப்பிவிட்டு ஓடிவந்து ஏறுவோம். பாதிப் பேர் தலைகூடச் சீவியிருக்க மாட்டோம்.

கம்பெனிக்கு முந்தின விலக்கில், ரோடு பிரிகிற இடத்தில், ஒரு டீக்கடை. அண்ணன் அங்கே பத்து நிமிஷம் நிறுத்துவார். கிளாஸைக் கையில் வாங்கிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்போம்... கம்பெனிக்குள் அடுப்பே கூடாது. சாயங்காலம் வரைக்கும் அந்த ஒரு டீதான்.

எங்களை யாரும் எதுவும் கேட்காத நேரமும் அது ஒன்றுதான்.

ஒரு தீபாவளி சீசன். ஆர்டர் குவிந்து கிடந்தது. இனி வண்டி எங்கேயும் நிற்கக் கூடாது என்று போர்மேன் சொல்லிவிட்டார்.

மறுநாளும் அண்ணன் நிறுத்தினார்.

எங்களுக்கு டீ இறங்கவில்லை. "போயிருவோம்ணே, ஏசுவாரு" என்றேன்.

"ஊதிக் குடி தங்கச்சி. நான் பாத்துக்கிடுதேன்."

போனால்... கேட் பூட்டியிருந்தது. உள்ளே போர்மேன். "யாரைக் கேட்டுய்யா நிப்பாட்டுன?"

அண்ணன் குரலை உயர்த்தவே இல்லை. "வெடிமருந்துல கை வைக்கிற பிள்ளைக சார். எந்திரிச்சதுல இருந்து ஓட்டம். அதே பதட்டத்தோட உள்ள விடச் சொல்லுதீகளா? வேண்டாம்னா சொல்லுங்க, திருப்பிக் கொண்டுபோய் வீட்டுல விட்டுருதேன்."

இந்த வேலை போனால் என்ன செய்வேன் என்றுதான் எனக்கு ஓடியது. மாரியக்கா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

ரொம்ப நேரம் கழித்துக் கேட் திறந்தது.

அடுத்த திங்கட்கிழமை வேறு டிரைவர். அண்ணனை வேலையை விட்டே நிறுத்திவிட்டார்கள்.

புது ஆள் விலக்கைத் தாண்டிப் போனார். எல்லோரும் குனிந்து உட்கார்ந்திருந்தோம். யாராவது கேட்கட்டும் என்று நானும் சும்மா இருந்தேன்...

மாரியக்காதான் எழுந்து கம்பியைத் தட்டினார். "நிப்பாட்டுய்யா வண்டிய!"

அப்புறம் எல்லோரும் தட்டினோம். வண்டி தள்ளிப் போய் நின்றது. இறங்கிக் கடைக்குத் திரும்பி நடந்தோம். பயத்தோடுதான் குடித்தோம். ஆனால் ஒருத்திகூட மிச்சம் வைக்கவில்லை. மறுநாளிலிருந்து வண்டி தானாகவே அங்கே நின்றது.

அண்ணன் அதற்குப் பிறகு லோடு ஆட்டோ ஓட்டினார். ஒரு நாள் விலக்கைக் கடக்கும்போது எங்களைப் பார்த்துவிட்டு, தலையை வெளியே நீட்டி, "குடிங்க, குடிங்க" என்று சிரித்தார். நிற்கவில்லை. லோடு அவசரம்.

உங்களால்தான்ணே என்று ஒரு வார்த்தை வீட்டுக்குப் போய்ச் சொல்லியிருக்கலாம். அடுத்த வாரம், அடுத்த வாரம் என்றே போய்விட்டது.

இன்றைக்குக் கடையில் லீவு கேட்டேன். முகூர்த்த சீசன், முடியாது என்றார்கள். கவுண்டரை விட்டு எழுந்து வந்துவிட்டேன். நாளைக்கு என்ன ஆகுமோ, தெரியவில்லை.

பஸ்ஸில் இருந்து எழுதுகிறேன். மணி பத்து இருபது. இப்போதுதான் வச்சக்காரப்பட்டி தாண்டுகிறது, இன்னும் பாதி வழி இருக்கிறது.

அண்ணே... எடுக்கதுக்குள்ள வந்துருவேன்ணே.