வெறும் வயிறு என்றால் என்ன?

கோமதி மாமியின் ஆர்.க்யூ. ஏறியிருந்தது. இறங்கியிருக்க வேண்டும்.

தொண்ணூறுகளின் கடைசியில் அடையாறில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் டெக்னீஷியனாக இருந்தேன். மாதவிடாய் நின்ற பெண்கள் தொடர்ந்து நடந்தால், உடம்பு கொழுப்பை எரிக்கும் விதம் மாறுகிறதா என்பதுதான் ஆய்வு. மூக்கில் கிளிப், வாயில் குழாய் மாட்டி டிரெட்மில்லில் நடக்கவைத்து, விடும் மூச்சை அளப்போம். அதில் வருவது ஆர்.க்யூ. புள்ளி ஏழை நெருங்கினால் கொழுப்பு எரிகிறது. ஒன்றை நெருங்கினால் சர்க்கரை. சாப்பிட்டிருந்தால் எண் ஏறிவிடும் என்பதால் வெறும் வயிற்றோடு வரச் சொல்வோம்.

மாமிக்கு ஐம்பத்தெட்டு வயது, மயிலாப்பூர். முதல் டெஸ்ட்டுக்குப் பிறகு மூன்று மாதம் விடியற்காலையில் மெரினாவில் நடந்தவர். எடை அசையவே இல்லை.

"நின்னதோட எல்லாம் முடிஞ்சுடுத்துன்னு ஆத்துல கேலி பண்றா. இதுலயும் ஒண்ணும் தெரியலேன்னா விட்டுடப்போறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் அன்று மெஷினில் ஏறினார்.

டாக்டர் தாளைப் பார்த்தார். "பானு, இந்தம்மா வீட்லயே உக்காந்துட்டு நடந்தேன்னு எழுதியிருக்காங்க. லிஸ்ட்லேர்ந்து எடுத்துடு."

கதவு திறந்திருந்தது. மாமி உள்ளே வந்து செருப்பைக் கழற்றி அடிப்பக்கத்தைக் காட்டினார். குதிகால் கரைந்து போயிருந்தது.

"இது தானாத் தேஞ்சுதா, டாக்டர்?"

எனக்கு அவமானமாக இருந்தது. வெளியே அழைத்துவந்து, "காலையில என்ன சாப்பிட்டீங்க மாமி?" என்றேன்.

"ஒண்ணுமில்லை. வெறும் வயிறு."

பொய் சொல்லும் முகமில்லை. கிளம்பும்போது பையிலிருந்து ஒரு தொன்னையை எடுத்து நீட்டினார். சர்க்கரைப் பொங்கல், நெய் மினுமினுத்தது.

"வர்ற வழியில கோவில்ல குடுத்தா. நான் எடுத்துண்டாச்சு, மிச்சம் உனக்கு."

"மாமி, இதச் சாப்பிட்டுட்டா டெஸ்ட்டுக்கு வந்தீங்க?"

"சாப்பிடறதாவது. பிரசாதம்னா இது."

அந்த வருடம் மார்கழியும் ரமலானும் சேர்ந்து வந்திருந்தன. நான் நோன்பு. வெறும் வயிறு என்றால் எனக்குத் தண்ணீர்கூடப் படாத வயிறு. மாமிக்கோ பிரசாதம் சாப்பாட்டிலேயே சேர்த்தியில்லை. திருவல்லிக்கேணியில் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவிலேயே வளர்ந்தும் எனக்கு இது உறைக்கவில்லை.

டாக்டரிடம் போய் இன்னொரு டெஸ்ட் எடுத்தே ஆகணும் என்று நின்றேன். முணுமுணுத்துக்கொண்டே சம்மதித்தார்.

இரண்டு நாள் கழித்து மாமி நேராக வீட்டிலிருந்து வந்தார். இந்த முறை ஆர்.க்யூ. மூன்று மாதத்துக்கு முந்தையதைவிட நன்றாகவே இறங்கியிருந்தது. டாக்டர் தாளை இரண்டு தரம் பார்த்தார்.

"மன்னிச்சுக்குங்கம்மா. அதே வேகத்துல நடந்தும் உங்க உடம்பு இப்ப கொழுப்ப அதிகமா எரிக்குது. எடை மெஷினுக்கு இது தெரியாது."

"அப்போ முடிஞ்சுபோகலை" என்றார் மாமி, மெதுவாக. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அன்றே படிவத்தில் 'சாப்பிட்டீர்களா' என்பதை அடித்துவிட்டு, 'காலையில் வாயில் என்ன போட்டுக்கொண்டீர்கள்' என்று எழுதினேன். இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: எதிரில் இருப்பவர் பொய் சொல்கிறார் என்று முடிவு கட்டுமுன், நீங்கள் கேட்ட கேள்வியை ஒருமுறை படித்துப் பாருங்கள்.

மாமிக்கு ஆட்டோ பிடிக்க வாசலுக்கு வந்தேன். வேண்டாம் என்று கையை ஆட்டினார்.

"கோவிலுக்கு நடந்தே போறேன். பொங்கல் தீர்றதுக்குள்ள போய்ச் சேரணும்."