டிரெயிலரின் தரைக்குக் கீழே

பேய், ஜின் என்று யாராவது கதையைத் தொடங்கினால், உடனே அந்த ஆளின் நெற்றியில் கை வைத்துக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்க்கிறவள் நான். எங்கள் வீட்டில் எல்லாரும் அப்படித்தான். வாப்பா கல்முனைக்குடியில் கடை வைத்திருந்தவர், காக்கா, அதாவது என் அண்ணன், பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறவர், நான் மட்டக்களப்பில் மருத்துவிச்சிப் பயிற்சி முடித்தவள். எங்கள் தெருவிலிருந்து வெள்ளைச் சீருடை போட்டுக்கொண்டு வேலைக்குப் போன முதல் பெண் நான்தான் என்பதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் இல்லை. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், கீழே நான் எழுதப்போவது கண்டதையும் நம்புகிற ஒருத்தி எழுதியது அல்ல. காக்கா இன்றுவரை நம்பவில்லை, நீங்களும் நம்பாமல் விடலாம். நடந்தது இரவில்கூட அல்ல. பகலில், மதியத்து லுஹர் தொழுகைக்கும் அந்தி மஃரிபுக்கும் இடையில்.

அணைக்கட்டு வேலைக்குச் சாமான் ஏற்றிவந்த பழைய டிரெயிலர் ஒன்றை எங்கள் சுகாதாரப் பகுதிக்குத் தந்திருந்தார்கள். தகரச் சுவர், தகரக் கூரை, பலகைத் தரை, நாலு சக்கரம். வெள்ளைப் பெயின்ற் அடித்து, உள்ளே ஒரு கட்டிலும் மருந்து அலுமாரியும் பிறைமஸ் மண்ணெண்ணெய் அடுப்பும் வைத்து, டிராக்டரில் கட்டி வயற்பக்கத்து ஊர்களுக்கு இழுத்துப்போவார்கள். அதுதான் என் ஆஸ்பத்திரி. உள்ளே எந்தப் பொருள் எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவேன். அந்த வருஷம் மாரி மழைக்காலத்தில் அது நாவிதன்வெளிப் பக்கம் நின்றது. சுற்றிவர வயல். மேடான இடம் என்று அங்கே இருந்தது அறுத்த நெல்லைப் போட்டுச் சூடு மிதிக்கிற களம், களவட்டி என்பார்கள், அது ஒன்றுதான், அதில் கொண்டுபோய் விட்டிருந்தார்கள்.

மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு நாள் விடியற்காலை சுபஹு நேரம் சுபைதா என்ற பெண்ணைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். புருஷன் இஸ்மாயில், பக்கத்து வயற்காரன். கூட வந்தது அவனுடைய ராத்தா, அதாவது அக்கா, ஆசியா. சுபைதாவுக்கு எட்டாம் மாதம்தான். வந்து கொஞ்ச நேரத்தில் பிள்ளை பிறந்துவிட்டது. பெண் பிள்ளை. தாய்க்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் பிள்ளை என் இரண்டு உள்ளங்கைக்குள் அடங்கியது. அழவில்லை, பூனைக்குட்டி மாதிரி ஒரு முனகல் மட்டும்.

எங்கள் ஊரில் என்ன பெரிய குளிர் என்று கேட்பீர்கள். கொழும்புக்காரர் கேட்கலாம். மாரிக் காற்று அடிக்கும்போது ஈரத் தகரத்தின் நடுவே ஒரு நாள் இருந்து பார்த்தவர் கேட்கமாட்டார். நிறைமாதப் பிள்ளைக்கு அது ஒன்றுமில்லை. இந்தப் பிள்ளைக்கு அதுதான் பனிமலை. இப்படிப் பிறந்த பிள்ளைகள் பசியால் போவதற்கு முன்னமே குளிரால் போய்விடும் என்று எங்களுக்குப் படிப்பித்திருந்தார்கள். கல்முனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். ஆனால் ரோடு தண்ணீருக்குள். இஸ்மாயில் தோணி எடுத்துக்கொண்டு உதவி தேடிப் போனான். மண்ணெண்ணெயும் கொண்டுவரச் சொல்லி அனுப்பினேன். அவன் திரும்பி வரும்வரை அந்தத் தகரப் பெட்டியைச் சூடாக வைத்திருப்பது என் வேலை.

முதலில் அடிப்பக்கம். சூடு போவது மேலால் என்று நினைப்பார்கள். சக்கரத்தின் மேல் நிற்கிற பெட்டிக்குக் கீழால் புகுகிற காற்றுத்தான் எமன். களத்து ஓரத்தில் வைக்கோல் குவிந்திருந்தது. நனையாத உள்வைக்கோலாக இழுத்து, சக்கரங்களைச் சுற்றி நாலு பக்கமும் அடைத்தேன். மேலே பன்புல் பாய்களைச் சாத்திக் கயிறு போட்டுக் கட்டினேன். ஆசியா மழைக்குள் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு எனக்கு உதவி செய்தபடியே சிரித்தாள்.

"என்ன மிஸி, டிரெயிலருக்குப் பாவாட உடுத்துறீங்களா?"

"ஓம் ராத்தா. அவக்கும் குளிருதாம்."

"எங்கட எருமைக்கிக்கூட நாங்க இப்பிடிச் செய்யல்ல."

பிறகு சுவர். திரைக்கென்று மருதமுனையில் வாங்கிவைத்திருந்த நெசவுத் துணி முழுவதையும் உட்சுவரில் இரண்டு மடிப்பாகத் தொங்கவிட்டேன். தகரத்துக்கும் துணிக்கும் இடையில் காற்று நிற்க வேண்டும், அதுதான் சூத்திரம். கதவு இடுக்குகளில் பஞ்சு. கூரையோரத்து மூச்சுத்துளையை மட்டும் அடைக்கவில்லை. அடுப்பில் தண்ணீர் கொதிக்கவைத்து, போத்தல்களில் ஊற்றி, துணி சுற்றிப் பிள்ளையின் இரண்டு பக்கமும் வைத்தேன். சுவரில் மாட்டியிருந்த வெப்பமானி எண்பத்தைந்து பாரன்ஹீட்டுக்கு ஏறியது. அதைப் பார்த்தபோது எனக்கு வந்த பெருமையைச் சொல்லமாட்டேன், தலைக்கனம் என்பீர்கள்.

அந்த நேரம்தான் ஆசியா ஒரு மண்சட்டியில் தேங்காய்ச் சிரட்டைக்கரி போட்டு ஊதிக்கொண்டு வாசலில் வந்து நின்றாள்.

"அத வெளியில வைங்க ராத்தா."

"பெத்தவட கட்டிலுக்குக் கீழ நெருப்புச்சட்டி வெக்காம விட்ட வீடு எங்கட பக்கத்துல இல்ல மிஸி."

"மூடின பெட்டிக்குள்ள கரி பத்தினா, சூடு வாறத்துக்கு முதல் மூச்சுப் போயிரும்."

"எங்கட உம்மா ஏழு பெத்தா. ஏழுக்கும் சட்டி வெச்சா. நாங்க செத்தா போன?"

"உங்கட உம்மாட வீட்டுக்கூர ஓல. அது மூச்சு விடும். இது தகரம்."

அவள் என்னை முறைத்துப் பார்த்தாள். பிறகு சட்டியை மழைக்குள்ளேயே வைத்துவிட்டு வந்து கதவைச் சாத்தினாள். கரி உஸ்ஸென்று அணைந்தது எங்கள் எல்லாருக்கும் கேட்டது. இனிச் சூட்டுக்கு அந்த அடுப்பு மட்டும்தான்.

லுஹர் தாண்டிக் கொஞ்ச நேரத்தில் அடுப்புச் சுவாலை சிவந்து துள்ளத் தொடங்கியது. எனக்கு விளங்கிவிட்டது. மண்ணெண்ணெய்த் தகரப்போணியைக் கவிழ்த்துப் பார்த்தேன், ஒரு சொட்டு இல்லை.

"எண்ணெய் முடிஞ்சிது" என்றேன்.

ஆசியா பாய்ந்து என் கையைப் பிடித்தாள். "அஸ்தஃபிருல்லாஹ்! களத்துல நிண்டுக்கு அந்தச் சொல்லச் சொல்றீங்களே மிஸி!"

"எந்தச் சொல்ல?"

"முடிஞ்சிது எண்டுறத. களத்துல ஒருத்தரும் அப்பிடிச் சொல்ற இல்ல. நெல்லு அள்ளி எடுத்தாலும் நெறஞ்சிது எண்டுதான் சொல்லணும். இஞ்ச கேக்கிற ஆக்கள் இரிக்கி. முடிஞ்சிது எண்டு கேட்டா மிச்சத்தையும் எடுத்துக்குப் போயிருவாங்க."

"இப்ப என்ன அறுப்பா நடக்குது?"

"அறுப்பு இல்லாட்டியும் களம் களம்தான். மாத்திச் சொல்லுங்க."

"சொட்டு எண்ணெய் இல்லாத அடுப்பப் பாத்து நெறஞ்சிது எண்டு சொல்லவா?"

"ஓம். சொல்லுங்க. உங்கட வாய் தேஞ்சா போயிரும்?"

கடற்கரை ஊரில் வளர்ந்தவள் நான், களத்துச் சங்கதி எனக்கு எங்கே தெரியும். சரி, இவள் மனதாவது ஆறட்டும் என்று "நெறஞ்சிது" என்றேன். எனக்கே சிரிப்பாக இருந்தது. அடுப்பு அணைந்தது.

போத்தல்கள் ஆறத் தொடங்கின. பிள்ளையைத் தாயின் நெஞ்சோடு வைத்து, கிடந்த துணியெல்லாம் போட்டு மூடினேன். வெப்பமானி இறங்கிக்கொண்டே வந்தது. பிள்ளையின் பாதம் நீலமாகத் தெரிந்தது. முனகலும் நின்றுவிட்டது. நான் பயிற்சியில் படித்தது எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன், விட்டுப்போனது ஒன்றும் இல்லை. எல்லாம் செய்தாகிவிட்டது. செய்ய இனி ஒன்றுமில்லை என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

உட்கார்ந்தவள் எழும்பிவிட்டேன். பலகை சூடாக இருந்தது.

கையை வைத்துப் பார்த்தேன். வெயிலில் கிடந்த கல்லின் சூடு மாதிரி அல்ல, அடுப்புச் சூடு மாதிரியும் அல்ல. ஒரு பெரிய உடம்பு கீழே முதுகைக் கொடுத்துப் படுத்திருந்தால் எப்படி இருக்கும், அந்தச் சூடு. கட்டிலுக்கு நேர் கீழேதான் அதிகம். ஆசியாவைக் கூப்பிட்டேன். அவள் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை வைத்தாள், முகம் மாறியது, பிஸ்மில்லாஹ் என்றாள். அப்போதுதான் எங்கள் இரண்டு பேருக்கும் அது கேட்டது. பலகைக்குக் கீழே மூச்சு. இழுத்து, நின்று, விட்டு.

எருமை வந்து ஒதுங்கியிருக்கிறது என்று நான் சொன்னேன். ஆசியா கதவைத் திறந்து, படியில் இறங்கிக் குனிந்து பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள்.

"கீழ தண்ணி மட்டும்தான் மிஸி" என்றாள். "நாம அடைச்ச வைக்கலையும் காணல்ல."

நம்பினால் நம்புங்கள், வெப்பமானி ஏறத் தொடங்கியது. கதவு திறந்திருக்கும்போதே ஏறியது. என் வேலை மூச்சை எண்ணுவது. கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு அந்த மூச்சையும் எண்ணினேன். மனிதருடையதைவிட மிகவும் மெதுவாக இருந்தது, ஒரு சீராக இருந்தது. நோயாளியாக இருந்தால் நல்ல உடம்பு என்று எழுதியிருப்பேன். பயமாக இருந்ததா என்று காக்கா கேட்டார். பயம் இருந்தது. ஆனால் கையைப் பிள்ளையின் பாதத்தில் வைத்திருந்தேன், நீலம் போய் ரோசாப்பூ நிறம் வந்துகொண்டிருந்தது. பயப்படுவதற்கு மனதில் இடம் இல்லை.

பின்னேரம், அஸர் நேரம், ஆசியா தம்பியின் தோணி வருகிறதா என்று பார்க்க வெளியே படியில் போய் நின்றாள். சுபைதா களைத்து உறங்கிவிட்டாள். அப்போது பிள்ளை கையைக் காலை உதறி, வாயைத் திறந்து, வீறிட்டு அழுதது. முழுப்பிள்ளையின் அழுகை. வெளியிலிருந்து ஆசியா "அல்ஹம்துலில்லாஹ்" என்று கத்தினாள்.

அதன் பிறகு சூடு மெல்ல மெல்ல இறங்கியது. தரை ஆறி, வெறும் பலகையானது. பயந்துகொண்டே வெப்பமானியைப் பார்த்திருந்தேன். ஆனால் அதற்குள் தோணி வந்துவிட்டது. இஸ்மாயில் மண்ணெண்ணெயும் கம்பளியும், ஆஸ்பத்திரியில் கொடுத்தனுப்பிய ரப்பர் வெந்நீர்ப் பைகளும் கொண்டுவந்தான். படியில் ஏறும்போதே கேட்டான்.

"எப்பிடி மிஸி தாக்குப்பிடிச்சீங்க? அச்சு மட்டத்துக்குத் தண்ணி நிக்கிது. உங்கட பாயெல்லாம் வாய்க்கால் வரைக்கும் மிதந்து வருது."

ஆசியா என்னைப் பார்த்தாள். நான் அடுப்பில் எண்ணெய் ஊற்றினேன்.

மஃரிபுக்கு முன்னம் கல்முனை ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம். பெரிய டொக்டர் பிள்ளையைப் பார்த்தார், என்னிடம் என்னென்ன செய்தாய் என்று கேட்டார், வைக்கோலில் தொடங்கி எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். அவர் தாதிமார் எல்லாரையும் கூப்பிட்டு, "இந்த மிஸி செய்ததை ஒருக்காக் கேளுங்கோ" என்றார். அதற்குப் பிறகு மாரிக்கு டிரெயிலர் வெளியே போவதென்றால் அடிப்பக்கத்துக்குப் பலகை அடித்துத்தான் அனுப்புகிறார்கள். அது நான் சொல்லிச் செய்தது. தரைச் சூட்டைப் பற்றியும் அவரிடம் சொன்னேன். எருமையாக இருக்கும், நீ களைத்துப்போயிருந்தாய் என்றார். நானும் அப்படி நினைக்கத்தான் பார்த்தேன். பிறகு சாகாமம் என்ற ஊருக்குப் போயிருந்தபோது குளக்கட்டில் படுத்திருந்த எருமைகளுக்குப் பக்கத்தில் போய் நின்று மூச்சை எண்ணினேன், மாட்டுக்காரன் எனக்குப் பைத்தியம் என்று நினைத்திருப்பான். எருமை அதைவிட வேகமாக மூச்சு விடுகிறது. அச்சு மட்டத் தண்ணீருக்குள், பலகையில் முதுகு முட்டுகிற உயரத்தில், எந்த எருமையும் படுக்கவும் முடியாது.

பிள்ளை இப்போது ஓடித் திரிகிறாள். ஆசியா என்னை எங்கே கண்டாலும் அவளைத் தூக்கிக் காட்டி, "இஞ்ச பாருங்க மிஸி, நம்மட புள்ள" என்பாள். நம்மட என்று அவள் யார் யாரைச் சேர்த்துச் சொல்கிறாள் என்று நான் கேட்டதில்லை.

இவ்வளவும் காக்காவுக்குத் தெரியும். ஒன்றை மட்டும் அவரிடம் சொல்லவில்லை, டொக்டரிடமும் சொல்லவில்லை. பிள்ளை வீறிட்டு அழுத அந்த நேரம், ஆசியா வெளியே நிற்க, சுபைதா உறங்க, நான் சந்தோஷத்தில் "புள்ள தப்பிட்டா" என்று சொன்னேன். யாருக்குச் சொன்னேன்? குனிந்து, பலகையைப் பார்த்துச் சொன்னேன். நான் வாயைத் திறந்ததும் கீழே மூச்சு நின்றது. போய்விடவில்லை. தூரத்தில் யாரோ கதைப்பதைக் கேட்க நாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்போமே, அப்படி நின்றது. நான் சொல்லி முடித்த பிறகு, தலைச்சுமையை இறக்கிவைத்தவர் விடுவது போல நீளமாக ஒரு மூச்சு வந்தது. அதோடு சரி.

இன்றைக்கும் ஒரு வீட்டில் பிரசவம் பார்த்து, பிள்ளை முதன்முதல் அழும்போது, நான் ஒரு கணம் காது கொடுத்து அசையாமல் நின்றுவிடுகிறேன். தாய்மார் பயந்துபோய் "என்ன மிஸி, என்ன மிஸி" என்று கேட்பார்கள். "ஒண்டுமில்ல, புள்ள நல்லாரிக்கி" என்பேன். அதைத் தாயின் முகத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். என் கண் தரைக்குத்தான் போகிறது.